டிரம் மெஷினில் முதல் பீட்: பாடுகிறவருக்கு இடம் விட்டு அடிப்பது எப்படி

வட சென்னையில் வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ காசிமேட்டிலோ ஒருவர் பீட் போட உட்கார்ந்தால், கானா பாடவோ ராப் சொல்லவோ இன்னொருவர் பக்கத்திலேயே தயாராக இருப்பார். இங்கே தாளம் ஒரு குரலைத் தாங்குவதற்காகவே போடப்படுகிறது. தாள அடிகளை நினைவில் வைத்துத் தானாக ஓட்டும் டிரம் மெஷின் பற்றிய பாடங்கள் பலவும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு சுற்றுத் தாளத்தைப் பிரிக்கும் பதினாறு கட்டத்தையும் நிரப்பக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போய்விடுகின்றன. அப்படி நிரப்பிய பீட்டுக்கு மேல் பாட வருகிறவருக்கு மூச்சுவிட இடம் இருக்காது. அதனால் கீழே உள்ளதெல்லாம், பாடுகிறவர் எதிரில் நிற்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதியது.

எதில் தொடங்குவது

முதல் நாளே மெஷின் வாங்க வேண்டாம். பழைய லேப்டாப் இருந்தால் 'ஹைட்ரஜன்' என்ற இலவச டிரம் மெஷின் மென்பொருள் போதும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். போன் மட்டும்தான் என்றால் 'கோலா சாம்ப்ளர்' செயலியில் உங்கள் சொந்த ஒலிகளைப் பதிந்து, பேட் எனப்படும் தட்டும் சதுரங்களில் வைத்து அடிக்கலாம். கட்டம், அழுத்தம், ஸ்விங் என்ற மூன்றும் கைக்குப் பழகும்வரை இவையே தாங்கும்.

எதில் தொடங்கினாலும் ஒயர் வைத்த இயர்போன் கட்டாயம். புளூடூத் இயர்போனில் ஒலி 150 மில்லி செகண்டோ அதற்கு மேலோ தாமதமாக வருவது சாதாரணம். 100 பிபிஎம் (நிமிஷத்துக்கு 100 அடி) வேகத்தில் ஒரு கட்டத்தின் நீளமே 150 மில்லி செகண்ட்தான். அதாவது நீங்கள் அடிப்பது ஒரு முழுக் கட்டம் தள்ளிக் காதில் விழும். 'எனக்குத் தாளமே நிற்கவில்லை' என்று கைவிடுகிறவர்கள் முதலில் சோதிக்க வேண்டியது கையை அல்ல, இயர்போனை.

தனி மெஷின் வாங்கும் நேரம் வந்தால், விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பேட்டர்னின், அதாவது ஒரு சுற்று பீட்டின், நீளத்தைப் பதினாறிலிருந்து பன்னிரண்டாகக் குறைக்க முடியுமா? முடியாது என்றால் கானாவின் ஆறு எண்ணிக்கை நடை அதில் ஒழுங்காக உட்காராது. கோர்க் வோல்கா பீட்ஸில் 'ஆக்டிவ் ஸ்டெப்' வழியாக 13 முதல் 16 வரையுள்ள கட்டங்களை அணைத்துவிடலாம். ஹைட்ரஜனில் பேட்டர்ன் அளவையே மாற்றலாம்.

அடாப்டரில் கவனம் வேண்டும். கிட்டார் பெடல்களுக்கு வரும் 9 வோல்ட் அடாப்டரில் பெரும்பாலும் நடு முனை மைனஸ். வோல்கா கேட்பது நடு முனை பிளஸ். வோல்ட் ஒன்றுதானே என்று மாற்றிச் செருகினால் மெஷின் போய்விடலாம். ஜாக்குக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் சின்ன வட்டப் படத்தைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

பழைய மெஷின் வாங்குகிறவர்கள் பேட்டரி அறையைத் திறந்து பார்க்க வேண்டும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்றில் இருந்த சாதனங்களில் ஸ்பிரிங்கில் பச்சையாகப் பூத்திருக்கும், வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரக்கும். கரகரப்பு கான்டாக்ட் கிளீனர் அடித்துக் குமிழைப் பலமுறை திருப்பினால் பெரும்பாலும் போய்விடும். பச்சை சர்க்யூட் வரை ஏறியிருந்தால் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு, வேலை முடிந்ததும் துணி போட்டு மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.

கச்சேரி செட்டுகளில் பார்க்கிற ஆக்டோபேட் வேறு சாதி. ரோலண்ட் எஸ்பிடி-20 போன்றவை கையால் வாசிக்கும் கருவிகள். பீட்டை நினைவில் வைத்து அவையாக ஓட்டாது. ஆனால் வீட்டில் ஒன்று இருந்தால் அதைத் தள்ளி வைக்காதீர்கள். எந்தப் பேடில் அடித்தீர்கள் என்ற தகவலைக் கடத்தும் யூஎஸ்பி மிடி கேபிள் ஒன்றை வாங்கி லேப்டாப்பில் செருகினால், அந்தப் பேட்களில் அடிப்பதே ஹைட்ரஜனில் பதிவாகும். ஒலி வரவில்லை என்றால் கேபிளின் இரண்டு முனைகளையும் மாற்றிச் செருகுங்கள். 'இன்', 'அவுட்' என்று எழுதியிருப்பது கேபிளுக்குக் கேபிள் வேறு அர்த்தத்தில் இருக்கும். கிக் (கனமான பாஸ் அடி) அடித்தால் வேறு ஒலி வருகிறதா? நோட் எண்ணைப் பாருங்கள்: பொதுவான வரிசையில் கிக் 36, ஸ்னேர் (சுள்ளென்ற டிரம்) 38, மூடிய ஹை-ஹேட் (இரட்டை உலோகத் தட்டு) 42, திறந்த ஹை-ஹேட் 46.

கட்டங்களை வாயால் சொல்லுங்கள்

பதினாறு கட்ட முறையை உலகம் முழுக்கப் பரப்பியவற்றில் முக்கியமானது 1980-இல் வந்த ரோலண்ட் டிஆர்-808. அதன் முன்பக்கத்தில் பதினாறு பட்டன்கள் வரிசையாக இருக்கும். எந்தப் பட்டனை ஏற்றுகிறீர்களோ அந்த இடத்தில் அடி விழும். இன்றைய செயலிகளும் அதே முறைதான்.

நான்கு கட்டம் ஒரு அடி, நான்கு அடி ஒரு பார். 1, 5, 9, 13 ஆகியவை காலால் தட்டும் இடங்கள். மெஷினைத் தொடுவதற்கு முன் 'தகதிமி' என்று நான்கு முறை சொல்லிக்கொண்டே காலைத் தட்டுங்கள். ஒவ்வொரு 'த'வும் 1, 5, 9, 13. எட்டாவது கட்டம் எது என்று கேட்டால், இரண்டாவது தகதிமியின் 'மி' என்று யோசிக்காமல் வர வேண்டும். அது வந்துவிட்டால், கேட்கிற எந்த பீட்டையும் கட்டங்களாகப் பிரித்துவிடலாம்.

இப்போது டெம்போவை (வேகத்தை) 92-இல் வைத்து இதைப் போடுங்கள்:

கிக்: 1, 9
ஸ்னேர்: 5, 13
மூடிய ஹை-ஹேட்: 1, 3, 5, 7, 9, 11, 13, 15

இது எலும்புக்கூடு. ஓடவிட்டுக் கேளுங்கள், சரியாகத்தான் இருக்கும். அரை நிமிஷத்தில் அலுத்தும் போகும். எல்லா அடியும் ஒரே பலத்தில் விழுவதுதான் காரணம். ஆகவே அடிகளைக் கூட்டுவதற்கு முன்னால் பலத்தைத் தொடுங்கள். வெலாசிட்டி (அடியின் பலம்) 1 முதல் 127 வரை போகும் மெஷினில், ஹை-ஹேட்டின் 1, 5, 9, 13 ஆகியவற்றுக்கு 100, மற்ற நான்குக்கும் 60. மறுபடி ஓடவிடுங்கள். ஒரு அடிகூடச் சேர்க்காமலே பீட் நடக்கத் தொடங்கியிருக்கும். வெலாசிட்டி இல்லாத சிறிய மெஷின்களில் 'அக்சென்ட்' என்று ஒரு தடம் இருக்கும். அதில் 1, 5, 9, 13-ஐ ஏற்றினால் பாதி பலன் கிடைக்கும்.

அடுத்து கிக்கை 8-இலும் 11-இலும் சேர்த்து, 9-இல் இருப்பதை எடுத்துவிடுங்கள். பாரின் நடுவில் காது எதிர்பார்க்கும் அடி விழாமல், அதற்கு ஒரு கட்டம் முன்னாலும் இரண்டு கட்டம் பின்னாலும் விழும். அந்த வெற்றிடத்தில் குரல் வந்து உட்காரும். பாடுகிறவரைச் சும்மா இரண்டு வரி பாடச் சொல்லிப் பாருங்கள், அழுத்தமான சொல்லை அவர் தானாகவே 9-இல் போடுவதைக் கேட்கலாம். பிறகு ஸ்னேரை 10-இல் மிக மெல்லமாக, 25 அல்லது 30 வெலாசிட்டியில் ஒன்று. காதுக்குத் தனியாகக் கேட்கக் கூடாது. அணைத்தால் மட்டும் 'ஏதோ குறைகிறது' என்று தெரிய வேண்டும். அந்த அளவு சரி.

இங்கே நிறுத்துங்கள். இன்னும் பத்து ஒலிகள் மெஷினில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அழைத்து வராதீர்கள். கிக், ஒரு பதில் அடி, ஒரு ஓட்டம்: இந்த மூன்றில் பாட்டைத் தாங்காத பீட், பத்திலும் தாங்காது.

டெம்போவைப் பாடுகிறவரிடம் எடுங்கள்

92 என்பது பழகுவதற்கு ஒரு எண். உண்மையான எண்ணைப் பாடுகிறவர்தான் தருவார். மெஷினை அணைத்துவிட்டு அவரைப் பாடச் சொல்லுங்கள், வேகமான சரணத்தையும் சேர்த்து. நீங்கள் தொடையில் தட்டிக்கொண்டே 15 விநாடிக்கு எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 24 தட்டு என்றால் 96. டேப் டெம்போ பட்டன் இருந்தால் அதில் தட்டலாம், ஆனால் எட்டுத் தட்டுக்குக் குறையாமல் தட்டுங்கள். இரண்டு மூன்று தட்டில் வரும் எண் தாறுமாறாக இருக்கும்.

85 என்று நீங்கள் எண்ணியதை இன்னொருவர் 170 என்று எண்ணலாம். இரண்டும் ஒரே பாட்டுதான். 85-இல் வைத்தால் பதினாறு கட்டத்துக்குள் நுணுக்கமான அடிகளுக்கு இடம் கிடைக்கும். 170-இல் அதே பதினாறு கட்டம் பாதி நேரத்தில் முடிந்துவிடும். ராப்புக்குச் சின்ன எண்ணே வசதி.

கானாவுக்குப் பன்னிரண்டு கட்டம்

புதிதாகப் பழகுகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. டோலக்கும் பறையும் பிடிக்கும் துள்ளல் நடைகளில் பல, அடிக்கு மூன்றாகப் பிரிபவை: தகிட தகிட தகிட தகிட. அதைப் பதினாறு கட்டத்தில் திணித்தால் துள்ளல் செத்து, அடிகள் அணிவகுப்பு மாதிரி விறைத்துப் போகும். பேட்டர்ன் நீளத்தை 12 ஆக்குங்கள். இப்போது கால் தட்டும் இடங்கள் 1, 4, 7, 10.

டெம்போ கணக்கு இங்கே மாறும். மெஷின் எப்போதும் நான்கு கட்டத்தை ஒரு அடி என்றே நினைக்கிறது. உங்கள் கால் மூன்று கட்டத்துக்கு ஒருமுறை தட்டுகிறது. எனவே கால் தட்டும் எண்ணிக்கையை முக்கால் ஆக்கி மெஷினில் வையுங்கள். நிமிஷத்துக்கு 120 தட்டு என்றால் மெஷினில் 90. 140 என்றால் 105. ஒரு கட்டம் ஒரு அடியில் மூன்றில் ஒன்று என்று மாற்றும் 'டிரிப்லெட்' வசதி உங்கள் மெஷினில் இருந்தால், இந்தக் கணக்கு வேண்டாம். தட்டிய எண்ணையே வைக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்துவிட்டால் பாட்டு இழுத்துக்கொண்டு போகும்.

தொடக்கத்துக்கு ஒரு நடை:

கிக்: 1, 7 முழுப் பலம், 12 பாதிப் பலம்
டோலக்கின் கீச்சுப் பக்கம், அல்லது ரிம் (டிரம்மின் விளிம்பு அடி): 4, 10 முழுப் பலம், 3, 9 மெல்லமாக
ஷேக்கர் அல்லது மூடிய ஹை-ஹேட்: பன்னிரண்டிலும், 1, 4, 7, 10-இல் மட்டும் சற்று ஓங்கி

3-ஐயும் 4-ஐயும் சேர்த்துக் கேளுங்கள். மெல்லிய அடி ஒன்று முன்னால் ஓடிவந்து பலமான அடியைத் தள்ளிவிடுகிறது. துள்ளல் முழுவதும் அந்த இரண்டுக்கும் உள்ள பல வித்தியாசத்தில் இருக்கிறது. 3-இன் பலத்தை 4-க்குச் சமமாக்கினால் நடை நொண்டும். பன்னிரண்டாவது கட்டத்துக் கிக், அடுத்த சுற்றின் முதல் அடியைக் கூப்பிடுவதற்காக. பாட்டு அமைதியான இடத்துக்கு வரும்போது முதலில் அணைக்க வேண்டியதும் அதைத்தான்.

இது ஒரு கால் ஊன்றும் இடம் மட்டுமே. பேட்டைக்குப் பேட்டை, செட்டுக்குச் செட்டு கைநடை மாறும். உங்கள் பக்கத்துச் செட்டு அடிப்பதைப் போனில் ஒரு நிமிஷம் பதிந்து, வேகத்தைக் குறைத்து ஓட்டி, எந்தெந்தக் கட்டத்தில் பாஸ், எதில் கீச்சு என்று தாளில் புள்ளி வையுங்கள். பத்துப் பதினாறு பீட் பாடங்கள் தருவதைவிட அந்த ஒரு தாள் அதிகம் தரும்.

ஸ்விங்

ரோஜர் லின் தன் டிரம் மெஷின்களில் கொண்டுவந்து பரப்பிய வசதி ஸ்விங். இரட்டைப்படைக் கட்டங்களைச் சற்றுத் தள்ளி விழச் செய்வதுதான் அது. 50 சதவீதம் என்றால் நேராக. 66 என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, ஏறக்குறைய தகிட நடை. 90 பிபிஎம் வேகத்தில் இரண்டு கட்டம் சேர்ந்து 333 மில்லி செகண்ட். நேராக இருந்தால் இரண்டாவது கட்டம் 167-இல் விழும். 58 சதவீதத்தில் 193-இல் விழும். இந்த 26 மில்லி செகண்ட்தான் தலையாட்ட வைக்கிறது. பதினாறு கட்ட பீட்டுக்கு 54 முதல் 58 வரை வைத்துப் பாருங்கள். சில மெஷின்கள் நேரான நிலையை 50 என்று காட்டாமல் 0 என்று காட்டும், அங்கே காதால்தான் வைக்க வேண்டும். பன்னிரண்டு கட்ட நடையில் ஸ்விங்கை முழுதாக அணைத்துவிடுங்கள். அங்கே கட்டங்கள் மும்மூன்றாகப் போகின்றன. ஸ்விங் இரண்டிரண்டாகத் தள்ளும். இரண்டும் மோதினால் குழறும்.

நம் ஊர் அடிகளை மெஷினுக்குள் கொண்டுவருவது

808-இன் கிக்கும் கிளாப்பும் எங்கும் கிடைக்கும். டோலக்கின் கும்கியும் (பாஸ் பக்கத்தை அழுத்தி இழுக்கும் அடி) பறையின் சுள்ளென்ற அடியும் நல்ல தரத்தில் அப்படிக் கிடைப்பதில்லை, அப்படியே கிடைத்தாலும் அது உங்கள் பேட்டையின் கை அல்ல. நீங்களே பதிவுசெய்யுங்கள்.

வாசிக்கிறவரிடம் எதற்காக என்று முதலிலேயே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். பதிந்த அடி ஒரு பாட்டில் வெளியாகப் போகிறது என்றால் அவர் பெயரைப் போடுவதும் காசு கொடுப்பதும் கடமை. பல ஆண்டு பழகிய கை அது. ஒரு மணி நேரத்தில் எடுத்துக்கொண்டு போவதற்கு இலவசமாகக் கிடக்கவில்லை.

இடம்: தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் அடி கணகணவென்று திரும்பி வரும். அந்த எதிரொலி சாம்பிளோடு (பதிந்த ஒலித்துண்டோடு) ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க முடியாது. வாசிப்பவருக்குப் பின்னால் ஒரு மெத்தையை நிறுத்தி, பக்கங்களில் கம்பளி தொங்கவிடுங்கள். ஃபேனை அணையுங்கள். பெரம்பூர் பக்கம் ரயில் பாதையை ஒட்டிய வீடு என்றால் வண்டி வராத இடைவெளி பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ரயிலின் தாழ்ந்த உறுமல் காதுக்குத் தெரியாவிட்டாலும் கிக் இருக்கும் அலைவரிசையில் பதிவாகிவிடும்.

போனைத் தோலிலிருந்து ஒரு கை நீளத்தில் வையுங்கள், நேர் எதிராக இல்லாமல் சற்றுச் சாய்வாக. வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் எடுக்காதீர்கள். பேச்சுக்காக ஒலியைச் சுருக்குவதால் அடியின் கூர்மை மழுங்கிவிடும். வேவ் வடிவில் பதியும், ஒலி அளவைத் தானாக ஏற்றி இறக்காத ரெக்கார்டர் செயலி வேண்டும். தானாக ஏற்றும் வசதி ஓடினால், அமைதிக்குப் பிறகு வரும் முதல் அடி கிழியும், அடுத்தது அமுங்கும். அளவு காட்டி -6 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுக்க வேண்டிய அடிகள்: டோலக்கில் பாஸ் பக்கம் திறந்த அடி, உள்ளங்கையால் அழுத்தி இழுக்கும் கும்கி, கீச்சுப் பக்கம் திறந்த அடி, அமுக்கிய அடி. பறையில் அடிக்குச்சியால் நடுவில், சிண்டுக்குச்சியால் ஓரத்தில், இரண்டும் சேர்ந்து. ஒவ்வொன்றையும் மெல்ல, நடுத்தரம், ஓங்கி என மூன்று பலத்தில், ஒவ்வொரு பலத்திலும் நான்கு முறை. அடிக்கும் அடிக்கும் இடையில் ஒலி முழுதாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பறையைத் தீயில் காய்ச்சிய பிறகு நேரம் போகப் போகத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். ஆகவே பறையின் அத்தனை அடிகளையும் ஒரே காய்ச்சலில் எடுத்துவிடுங்கள். பாதியை இப்போதும் பாதியை மறுபடி காய்ச்சியும் எடுத்தால் இரண்டு வேறு பறையாகக் கேட்கும்.

ஒரே பலத்தில் நான்கு முறை எதற்கு? மனிதக் கை ஒரே அடியை இருமுறை அச்சாக அடிப்பதில்லை. ஒரே சாம்பிளை அடுத்தடுத்து ஓட்டினால் டப்டப்டப் என்று பொம்மைத் துப்பாக்கி ஒலி வரும். நான்கில் இரண்டையாவது இரண்டு பேட்களில் வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் அந்தச் செயற்கைத்தனம் போய்விடும்.

வெட்டும்போது, அலை எழும் அந்த நொடியிலிருந்தே சாம்பிள் தொடங்க வேண்டும். முன்னால் 10, 15 மில்லி செகண்ட் வெற்றிடம் தங்கினாலும் அந்த ஒலி மட்டும் எப்போதும் பின்தங்கும். கட்டத்தில் சரியாக இருக்கிறதே, ஏன் இழுக்கிறது என்று புரியாமல் திண்டாடுவீர்கள். முடிவில் ஒலி மெல்ல அடங்கும்படி 5 மில்லி செகண்ட் ஃபேட் கொடுங்கள், இல்லாவிட்டால் அலை பாதியில் அறுபட்டு 'டிக்' என்று கேட்கும்.

இன்னொன்று, திறந்த ஹை-ஹேட்டும் மூடிய ஹை-ஹேட்டும் ஒரே 'மியூட் குரூப்'பில் இருக்க வேண்டும். மூடியது விழுந்ததும் திறந்தது நிற்க. டோலக்கின் திறந்த அடிக்கும் அமுக்கிய அடிக்கும் இதையே செய்யுங்கள். கை தோலில் பட்டதும் ஒலி நிற்பதுதானே இயல்பு.

கிக்கைக் கட்டைக்குச் சேர்ப்பது

808 வகைக் கிக் ஒரு சுரம்தான். பாடுகிறவரின் கட்டையோடு (சுருதியோடு) அது சேராவிட்டால், பாட்டு எங்கேயோ இடிக்கிறது என்று தோன்றும், எங்கே என்று தெரியாது. ஒரு கட்டைக்குப் பாடுகிறவர் என்றால் கிக்கை ஏறக்குறைய 65 ஹெர்ட்ஸில் வையுங்கள், ஒன்றரைக் கட்டைக்கு 69, ஐந்துக்கு 49, ஆறுக்கு 55. மெஷினில் ஹெர்ட்ஸ் காட்டாவிட்டால், கிக்கின் நீளத்தைக் கூட்டி, போனில் ஒரு டியூனர் செயலியை வைத்துச் சுரத்தைப் பார்த்துத் திருப்புங்கள். டியூனர் பிடிக்கவில்லை என்றால் கிக்கை இரண்டு ஸ்தாயி உயர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

கிக்கின் வாலையும் அளக்க வேண்டும். 92 பிபிஎம்மில் ஒரு கட்டம் 163 மில்லி செகண்ட். 8-இலும் 11-இலும் கிக் இருந்தால் இடைவெளி மூன்று கட்டம், அதாவது 489 மில்லி செகண்ட். வால் அதைவிட நீண்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சேறாகும். ஒலி அடங்கும் நேரத்தை மாற்றும் 'டிகே' குமிழைக் குறைத்து, அடுத்த கிக் வருவதற்குள் முந்தையது அடங்கும்படி வையுங்கள்.

போன் ஸ்பீக்கரில் கிக் காணாமல் போவது எல்லோருக்கும் நடப்பது. அந்தச் சின்ன ஸ்பீக்கர் 60 ஹெர்ட்ஸை எழுப்பவே எழுப்பாது. கிக்கை ஏற்றிக்கொண்டே போவதால் பயனில்லை. பெரிய ஸ்பீக்கரில் கேட்கும்போது வீடே நடுங்கும். கிக்கில் கொஞ்சம் டிஸ்டார்ஷன் சேர்த்தால் அதன் மேல் சுரங்கள் எழும், சின்ன ஸ்பீக்கரிலும் காது அதைக் கிக் என்று பிடித்துக்கொள்ளும். மொத்த ஒலி -6 டெசிபெல்லைத் தொடாமல் இருக்கட்டும். குரலுக்கு அந்த இடம் வேண்டும்.

இரவில் வேலை செய்கிறவர்கள் ஹெட்போன் போட்டிருந்தாலும், பேடில் அடிக்கும் சத்தம் மேஜை வழியாகத் தரைக்கும் கீழ் வீட்டுக்கும் போகும். மெஷினுக்குக் கீழே நான்காக மடித்த துண்டு போடுங்கள். ஒட்டுச் சுவர் வீடுகளில் ஸ்பீக்கரின் பாஸ் சுவரைத் தாண்டும், அதைத் தடுக்க வீட்டளவில் வழியில்லை; ஒன்பது மணிக்கு மேல் ஹெட்போன்தான்.

ஒரு பாரிலிருந்து ஒரு பாட்டு

பார் பிடித்ததும் அதை நான்காகப் படி எடுங்கள். முதல் மூன்றும் அப்படியே. நான்காவதில் கடைசி நான்கு கட்டத்தை மட்டும் மாற்றுங்கள், கிக்கை எடுத்துவிட்டு டோலக் நான்கு அடி, அல்லது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மௌனம். மௌனம் பல நேரம் வெல்லும். பல்லவிக்கு முழு பீட், சரணத்துக்கு ஹை-ஹேட் இல்லாமல், பல்லவி திரும்பும்போது மறுபடி முழுசும் என்று மியூட் பட்டன்களை வைத்தே ஒரு பாட்டை ஓட்டிவிடலாம்.

கானா பல நேரம் தொகையறாவில் தொடங்கும். அங்கே தாளம் கிடையாது. பாடுகிறவர் இழுக்கும்வரை இழுப்பார். அதற்குக் கீழே மெஷினை ஓடவிட்டு 'சேர்ந்துக்கோ' என்று சொல்லாதீர்கள். மெஷின் நிற்கட்டும். தொகையறாவின் கடைசிச் சொல் முடிந்து பல்லவியின் முதல் அழுத்தமான அசை விழும் இடத்தில் ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். கவுன்ட்-இன் வசதி ஏறியிருந்தால் நான்கு டிக் கேட்டுவிட்டுத்தான் பீட் வரும், முன்கூட்டியே அணைத்து வையுங்கள். பாடுகிறவர் தலையசைத்தோ கையைத் தூக்கியோ குறி தருவதை ஒத்திகையில் பேசி வைத்துக்கொள்வது நல்லது. இந்த ஒரு அழுத்தலை மட்டும் இருபது முறை ஒத்திகை பாருங்கள், தப்பினால் மறைக்க முடியாத இடம் இது.

மைக் செட்டில் செருகும்போது

மெஷினின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒரு ஸ்டீரியோ கேபிளை எடுத்து மிக்ஸரின் ஒரே சேனலில் செருகினால், கிக்கும் ஸ்னேரும் மாயமாகி, எதிரொலி மாதிரி ஏதோ மட்டும் கேட்கும். மெஷின் பழுதில்லை. மிக்ஸரின் பேலன்ஸ்டு உள்ளீடு இரண்டு கம்பிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். இடதிலும் வலதிலும் ஒன்றாக வரும் கிக் அங்கே கழிந்து பூஜ்யமாகிவிடும். வேண்டியது, ஒரு பக்கம் 3.5 மி.மீ. ஸ்டீரியோ, மறுபக்கம் இரண்டு 6.35 மி.மீ. மோனோ முனை உள்ள கேபிள். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் கிடைக்கும். இரண்டு சேனல் தர முடியாது என்று மைக் செட்காரர் சொன்னால் இடது முனையை மட்டும் செருகி, மெஷினில் எல்லா ஒலிகளையும் பேனில் (இடது-வலது அமைப்பில்) நடுவில் வையுங்கள். அந்தச் சேனலில், மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் பேன்டம் அணைந்திருக்க வேண்டும்.

லேப்டாப்பிலிருந்து 'உம்ம்' என்று இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் எர்த் சிக்கல். இடையில் டிஐ பாக்ஸ் (மின்தொடர்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும் பெட்டி) வைத்தால் போகும். சார்ஜரின் மூன்றாவது பின்னை உடைத்துச் சரிசெய்கிற பழக்கம் ஆபத்து. மழை ஈரத்தில் மைக்கைப் பிடித்துப் பாடுகிறவர் உடம்பில் மின்சாரம் பாயலாம்.

தெருவில் கட்டும் கூம்பு ஸ்பீக்கரில் அடி பாஸ் வராது. அங்கே 808 கிக்குக்குப் பதில் டோலக் பாஸை முன்னால் கொண்டுவாருங்கள். 100 முதல் 200 ஹெர்ட்ஸ் பக்கம் அதற்குக் கனம் உண்டு. பாடுகிறவரின் மானிட்டரில் (அவர் பக்கம் திருப்பிய ஸ்பீக்கரில்) கிக்கைவிட ரிம்மும் ஷேக்கரும் தெளிவாகக் கேட்க வேண்டும், அவர் நடையைப் பிடிப்பது அவற்றை வைத்துத்தான்.

ஸ்டுடியோவுக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு ஒலியையும் தனித்தனி வேவ் கோப்பாக, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எடுங்கள். எல்லாக் கோப்பும் பாட்டின் ஒரே தொடக்க நொடியிலிருந்து தொடங்க வேண்டும், அந்த ஒலி இரண்டாவது நிமிஷத்தில்தான் வருகிறது என்றாலும். தொகையறா இருக்கும் பாட்டு என்றால் மெஷின் தொடங்கும் இடம் எது என்று எழுதிக் கொடுங்கள். கோப்பின் பெயரிலேயே டெம்போவைப் போடுங்கள். பன்னிரண்டு கட்ட நடையில் மெஷின் எண், கால் தட்டும் எண் இரண்டையும் போடுங்கள். '90, தகிட நடை, தட்டு 120' என்று இருந்தால், மிக்ஸ் செய்கிறவர் கிரிட்டைத் தப்பாகப் போட மாட்டார்.